வருவாய் நின்ற வீட்டில் வணிகம் தொடங்கலாமா?

இல்லமும் பொருளும்

 

கடல் கடந்த வருவாயை நம்பி அடுப்பெரியும் இல்லங்கள் நம் சமுதாயத்தில் மிகுதி. அந்த வருவாய் திடீரென்று நின்றுபோவதை நாம் மும்முறையேனும் கண்டிருக்கிறோம். 1990-ஆம் ஆண்டு ஆகஸ்டு 2-ஆம் நாள் ஈராக்கியப் படை குவைத்துக்குள் புகுந்தது. அதன்பின் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் ஜோர்தான் தலைநகர் அம்மான் வழியாகத் தாயகம் திரும்பினர். 2008-இன் இறுதியில் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தத்தில் துபையின் கட்டடப் பணிகள் பல பாதியில் நின்றன. 2009 நவம்பரில் துபை அரசுக்குச் சொந்தமான துபை வேர்ல்டு நிறுவனமே தன் கடன்காரர்களிடம் தவணை கேட்கும் நிலைக்கு வந்தது. பின்னர் 2020-இல் கொரோனா. அவ்வாண்டு மே 7 முதல் பறந்த 'வந்தே பாரத்' விமானங்களில் வந்திறங்கியவர் பலருக்குத் திரும்பிச் செல்ல வேலை இருக்கவில்லை.

1990-இல் திரும்பி வந்தவர் ஊரில் ஒரு தொழில் தொடங்க வேண்டுமாயின் கடைக்கு முன்பணம் வேண்டும், மாத வாடகை வேண்டும், அலமாரி நிறையச் சரக்கு வேண்டும். இன்று வீட்டிலிருக்கும் கைபேசியே கடைவாசலாகிவிட்டது. 2016-இல் அறிமுகமான யூபிஐ பணமுறையால் வாங்குபவரின் பணம் நொடியில் வங்கிக் கணக்கை அடைகிறது. பொருளை அஞ்சல் துறையோ கூரியரோ வீடு சேர்த்துவிடும். ஆகவே 'இணையத்தில் ஏதேனும் விற்கலாமே' என்னும் எண்ணம் இன்று ஏறத்தாழ எல்லா இல்லங்களிலும் எழுகிறது.

கடலோர ஊர் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி நமக்கு எழுதியுள்ளார். கணவர் பணிபுரிந்த வளைகுடா நிறுவனம் ஆட்குறைப்புச் செய்ததால் அவர் ஊர் திரும்பிவிட்டாராம். உள்ளூர்க் கடைகளிலோ விற்பனை மந்தம். வேலைக்கு ஆள் எடுப்பாரில்லை. தம்மிடமுள்ள ஆறு பவுன் நகையை அடகு வைத்து, இரண்டு இலட்சம் ரூபாய்க்குச் சூரத்திலிருந்து சுடிதார் துணிகளை வரவழைத்து, வாட்ஸ்அப் வழியாகவும் இன்ஸ்டாகிராம் வழியாகவும் விற்கலாமா என்று கேட்கிறார். கடிதத்தின் ஓரத்தில், 'நான் அரைக்கும் கறிமசாலாவை உறவினர் கேட்டு வாங்கிச் செல்வார்கள்' என்று ஒரு வரியும் எழுதியிருக்கிறார்.

நம் மறுமொழி இதுதான்: வணிகம் தொடங்குங்கள், நகையை அடகு வைத்துத் தொடங்காதீர்கள். சூரத்துத் துணியை விட, நீங்கள் ஓரத்தில் எழுதிய அந்த ஒரு வரியே உங்களுக்கு ஏற்ற வணிகம். இதற்கான காரணங்களை இந்தத் திங்கள் விரிவாகக் காண்போம்.

மந்தம் எல்லாருக்கும் ஒன்றன்று

பொருளாதார மந்தத்தில் மக்கள் வாங்குவதையே நிறுத்திவிடுவதில்லை; வாங்கும் முறையை மாற்றிக்கொள்கின்றனர். தள்ளிப்போடக் கூடியவற்றைத் தள்ளிப்போடுகின்றனர். புதிய உடை, புதிய சோபா, புதிய வண்டி ஆகியவை அடுத்த ஆண்டுக்குச் செல்கின்றன. ஆனால் மிளகாய்த்தூளும் அரிசியும் பள்ளிச் சீருடையும் அடுத்த ஆண்டுக்குச் செல்வதில்லை. பழைய துணியைப் பிரித்துத் தைப்பவருக்கும், பழுது பார்ப்பவருக்கும் இக்காலத்தில் வேலை கூடுவதும் உண்டு.

சுடிதார் துணி தள்ளிப்போடப்படும் பொருள்களில் ஒன்று. அதிலும் வண்ணமும் வடிவமும் ஆறு திங்களில் மாறிவிடும். விற்காத சரக்கு பாதி விலைக்கும் போகாது. அதே துணியை அதே படத்துடன் விற்பவர் நாடெங்கும் ஆயிரக்கணக்கில் உள்ளனர். அவர்களோடு விலையில் மட்டுமே போட்டியிட முடியும். அந்தப் போட்டியில் சிறுமுதல் உடையவர் வெல்வதரிது. கறிமசாலா அப்படியன்று. ஒரு வீட்டில் மாதந்தோறும் தீர்ந்துபோகும். சுவை பிடித்துவிட்டால் மீண்டும் அதையே கேட்பர். ஒருமுறை வந்த வாடிக்கையாளர் பன்னிருமுறை வருவார். உங்கள் கைப்பக்குவமும் இன்னொருவரிடம் கிடைக்காது.

இந்த அளவுகோலை எல்லாச் சகோதரிகளும் தத்தம் வீட்டில் வைத்துப் பார்க்கலாம். மீண்டும் மீண்டும் வாங்கப்படும் பொருளா? அஞ்சலில் கெடாமல், உடையாமல் போய்ச் சேருமா? எடைக்கு ஏற்ற விலை கிடைக்குமா? நம் கையில் அதற்கெனத் தனித்திறன் உண்டா? கீழக்கரையில் தொதல் கிண்டத் தெரிந்த கைகள் இருக்கின்றன. திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடையில் கோரைப்புல்லை நுண்ணிய இழைகளாகக் கிழித்துப் பட்டுபோல் பாய் நெய்பவருள் நம் சகோதரிகள் பெரும்பகுதியினர். அப்பாய்க்குப் புவிசார் குறியீடும் உண்டு. புர்கா தைப்பவர், பூவேலை செய்பவர், ஊறுகாய் போடுபவர் எனப் பிறரும் உள்ளனர். வெளியிலிருந்து சரக்குத் தேடுமுன் வீட்டுக்குள் ஒருமுறை தேடுவது நலம்.

நம்பிக்கை எப்படி முதலாகிறது?

மந்த காலத்தில் இணையத்துக்கு வந்து வென்றவருக்குச் சீனாவில் ஒரு சான்று உண்டு. லியூ சியாங்டோங் என்பவர் 1998-இல் பெய்ஜிங்கின் கணினிச் சந்தையில் ஒரு சிறு கடை வைத்தார். 2003-இல் அவருக்குப் பன்னிரண்டு கடைகள் இருந்தன. அவ்வாண்டு சார்ஸ் நோய் பரவியது. மக்கள் வீட்டுக்குள் முடங்கினர். கடைகளை மூட வேண்டியதாயிற்று. தேங்கிய சரக்கை விற்க, கணினி ஆர்வலர்கள் கருத்தாடும் இணையப் பக்கங்களில் அவரும் பணியாளர்களும் எழுதலாயினர். முகம் தெரியாத வணிகருக்கு யார் முன்கூட்டிப் பணம் அனுப்புவர்? அவரிடம் முன்பு பொருள் வாங்கிய ஒருவர், 'இவர் போலிச் சரக்கு விற்காதவர்' என்று அங்கே சான்றுரைத்தார். அதன்பின்னரே வாங்குவோர் வந்தனர். மறு ஆண்டு அவர் தமக்கென இணையக் கடை தொடங்கினார். அதுவே இன்று சீனாவின் மாபெரும் வணிக நிறுவனங்களுள் ஒன்றான ஜேடி.

இதிலிருந்து நாம் எல்லாரும் கோடீசுவரர் ஆகிவிடலாம் என்று கூற வரவில்லை. கவனிக்க வேண்டியது அந்தச் சான்றுரையைத்தான். கடைத்தெருவில் வாங்குபவர் பொருளைத் தொட்டுப் பார்க்கிறார், முகர்ந்து பார்க்கிறார், விற்பவரின் முகத்தையும் பார்க்கிறார். இணையத்தில் அவருக்குக் கிடைப்பது ஒரு படம் மட்டுமே. மற்றதெல்லாம் நம்பிக்கை.

பெருமானார் (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்ட வரலாற்றை நாம் அறிவோம். ஈரமானதை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று அவ்வணிகரைக் கேட்டார்கள். இணையத்தில் நாம் இடும் படம் அக்குவியலின் மேற்பரப்பாகும். ஒளியைக் கூட்டி, நிறத்தை ஏற்றி எடுக்கும் படம் ஈரத்தை மறைக்கும் உலர் தானியமே. மசாலாவில் உப்பு சேர்த்திருந்தால் எழுதுங்கள். இம்முறை வந்த மிளகாயில் நிறம் குறைவெனில், அதையும் அனுப்புமுன் சொல்லிவிடுங்கள். அன்று ஒரு விற்பனை குறையலாம். ஆனால் அந்த வாடிக்கையாளர் உங்களை விட்டுப் போகமாட்டார்.

பிறர் சரக்கின் படத்தைப் போட்டு, பணம் வந்தபின் வேறிடத்தில் வாங்கி அனுப்பும் வணிகமும் இன்று பெருகியுள்ளது. தன் கைவசம் இல்லாததை விற்பது குறித்து மார்க்கத்தில் தடை உண்டென்பதை நினைவிற்கொள்க. தரகர் என்று வெளிப்படையாகக் கூறிக் கூலி பெறுவது வேறு, தன் பொருள்போல் காட்டி விற்பது வேறு. இவ்வகையில் ஈடுபட விரும்புவோர் முதலில் தம் ஊர் ஆலிம் பெருமக்களிடம் கேட்டுத் தெளிவு பெறுவார்களாக.

கணக்கைக் காகிதத்தில் போடுங்கள்

வீட்டுத் தொழில்கள் வாடிக்கையாளர் இன்றி மட்டும் மூடப்படுவதில்லை. விலையைத் தவறாக வைத்ததாலும் மூடப்படுகின்றன. எடுத்துக்காட்டாக ஒரு கணக்கைப் பார்ப்போம். தொகைகள் ஊருக்கு ஊர் மாறும். முறையை மட்டும் எடுத்துக்கொள்க.

கால் கிலோ கறிமசாலாவுக்கு மல்லி, மிளகாய், சோம்பு, பட்டை முதலியன 75 ரூபாய் என்று கொள்வோம். வறுக்க எரிவாயுவும் அரவைக் கூலியும் 8 ரூபாய். பையும் அதன்மேல் ஒட்டும் சீட்டும் 9 ரூபாய். சிந்துவது, கெடுவது, சுவை பார்க்கக் கொடுப்பது ஆகியவற்றுக்கு 5 ரூபாய். உங்கள் உழைப்புக்குக் கூலி 20 ரூபாய். ஆக அடக்கவிலை 117 ரூபாய். விற்பனை விலை 150 எனில் நிற்பது 33 ரூபாய்.

உழைப்புக்குக் கூலி எதற்கு என்று சில சகோதரிகள் கேட்பார்கள். 'வீட்டில் சும்மா இருக்கும் நேரம்தானே?' என்பார்கள். அந்நேரம் சும்மா வந்ததன்று. நாளை விற்பனை பெருகி உதவிக்கு ஒருவரை வைக்கும்போது அவருக்குக் கூலி கொடுத்தாக வேண்டும். அன்று விலையை உயர்த்தினால் வாடிக்கையாளர் விலகுவர், உயர்த்தாவிட்டால் நட்டம்.

இனி அஞ்சல் செலவு. ஒரு பொட்டலத்தை அனுப்ப 50 ரூபாய் ஆகிறதென்போம். 'அனுப்பும் செலவு இலவசம்' என்று ஆர்வத்தில் அறிவித்துவிட்டால் பொட்டலத்துக்கு 17 ரூபாய் கைநட்டம். எத்தனைக்கெத்தனை விற்கிறீர்களோ அத்தனைக்கத்தனை இழப்பீர்கள். நான்கு பொட்டலங்களைச் சேர்த்து ஒரு கிலோவாக அனுப்ப 80 ரூபாய் எனில், ஒன்றுக்கு 20 ரூபாய்தான். அதை நீங்களே ஏற்றாலும் 13 ரூபாய் மிஞ்சும். ஆகவே தனிப் பொட்டலத்துக்கு அஞ்சல் செலவைத் தனியாக வாங்குங்கள். நான்குக்கு மேல் வாங்குவோருக்கு மட்டும் சலுகை தாருங்கள்.

நகையை ஏன் தொடக்கூடாது?

இப்போது அந்த இரண்டு இலட்சத்துக்கு வருவோம். வட்டி மார்க்கத்தில் விலக்கப்பட்டது என்பதை இவ்விதழின் வாசகர்களுக்கு நாம் எடுத்துரைக்கத் தேவையில்லை. வணிகக் கணக்கும் அதையே சொல்கிறது என்பதை மட்டும் காட்டுவோம். நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் என்று வைத்தாலும் இரண்டு இலட்சத்துக்கு மாதம் 2,000 ரூபாய் வட்டி. பொட்டலத்துக்கு 33 ரூபாய் நிற்கும் தொழிலில், மாதத்தின் முதல் 61 பொட்டலங்கள் வட்டிக்காகவே விற்கப்பட வேண்டும். அதற்கப்புறமே வீட்டுக்கு ஒரு ரூபாய் வரும். புதிய தொழிலில் முதல் மாதம் 61 பொட்டலங்கள் விற்குமா?

விற்பனை ஏறும், இறங்கும். வட்டி இறங்குவதில்லை. நல்ல காலத்தில் இந்த வேற்றுமை தெரியாது. மந்த காலத்தில் தொழிலை வீழ்த்துவது இதுவே. வீட்டில் மாத வருவாய் நின்றுபோன நிலையில் அந்த ஆறு பவுன், மருத்துவச் செலவுக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் எஞ்சியுள்ள கடைசிக் காவல். அதைச் சூரத்துத் துணியாக மாற்றி அலமாரியில் அடுக்குவது பெருந்துணிச்சல்.

கடனின்றித் தொடங்க வழியுண்டா? உண்டு. முதலில் பணம், பிறகு பொருள் என்னும் முறையை மேற்கொள்ளுங்கள். 'வியாழன் வரை பதிவு, சனிக்கிழமை அரவை, திங்கட்கிழமை அஞ்சல்' என்று ஓர் ஒழுங்கை அறிவியுங்கள். வந்த பதிவுக்கு மட்டும் சாமான் வாங்குங்கள். இது நமக்குப் புதியதன்று. விலையை முழுதும் முன்னரே பெறுதல், பொருளின் அளவையும் தரத்தையும் ஐயமின்றிக் கூறுதல், ஒப்படைக்கும் நாளை உறுதிசெய்தல் ஆகிய நிபந்தனைகளோடு 'ஸலம்' என்னும் பெயரில் மார்க்கம் அனுமதித்த விற்பனை முறையே இது. இம்முறையில் தேக்கச் சரக்கு இல்லை. பொருளும் அவ்வப்போது அரைத்ததாக மணக்கும். ஆனால் சொன்ன நாளில் அனுப்பியாக வேண்டும். தாமதமாயின் அவர் கேட்குமுன் நீங்களே தெரிவிக்க வேண்டும். வேண்டாமென்றால் பணத்தை அன்றே திருப்பிவிட வேண்டும்.

1959-இல் பம்பாயில் ஏழு பெண்கள் கடனாகப் பெற்ற வெறும் 80 ரூபாயில் அப்பளம் இடத் தொடங்கினர். முதலில் அவர்கள் தயாரித்தவை நான்கே கட்டுகள்; தெரிந்த வணிகர் ஒருவரிடம் அவற்றைக் கொடுத்தனர். அதுவே பின்னாளில் ஆயிரமாயிரம் பெண்களுக்கு வாழ்வளித்த லிஜ்ஜத் அப்பளம். நான்கு கட்டுகள் விற்ற பின்பே ஐந்தாவதை இட்டவர்களுக்குப் பெருங்கடன் தேவைப்படவில்லை.

சட்டமும் சீட்டும்

வீட்டில் செய்து விற்கும் உணவுப் பொருளுக்கும் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு கட்டாயம். 2011-ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட விதிகள், ஆண்டு விற்பனை 12 இலட்சம் ரூபாய்க்கு உட்பட்டவரைச் சிறு வணிகராகக் கொண்டு ஆண்டுக்கு 100 ரூபாய்க் கட்டணத்தில் பதிவு தர வகைசெய்தன. விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், விண்ணப்பிக்கும் நாளில் நடப்பிலுள்ளதை அத்துறையின் இணையதளத்தில் பார்த்துக்கொள்க. பையின்மேல் ஒட்டும் சீட்டில் பொருளின் பெயர், சேர்மானங்கள், நிகர எடை, விலை, தயாரித்த நாள், எதுவரை பயன்படுத்தலாம் என்பது, உங்கள் முகவரி, பதிவு எண், சைவப் பொருளுக்குரிய பச்சைப் புள்ளி ஆகியன இடம்பெற வேண்டும்.

சிறுதொழிலுக்கான 'உத்யம்' பதிவு 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. அரசின் தளத்தில் அதற்குக் கட்டணமே இல்லை. ஆயிரம், இரண்டாயிரம் கேட்கும் போலித் தளங்களைக் கண்டு ஏமாறாதீர். சரக்கு சேவை வரியில் சிறு விற்பனையாளருக்கு விலக்கு உண்டெனினும், வெளிமாநிலத்துக்குப் பொருள் அனுப்புவோருக்கு விதி வேறு. தொடக்கத்தில் தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்பது எளிது; எல்லை தாண்டுமுன் ஒரு கணக்கரைக் கலந்துகொள்க.

ஏமாற்றுவோர் உண்டு

மந்த காலத்தில் வணிகர் பெருகுவதுபோல் ஏமாற்றுக்காரரும் பெருகுவர். மூன்று செய்திகளை நினைவிற் பதியுங்கள். பணம் பெறுவதற்கு உங்கள் யூபிஐ இரகசிய எண்ணை இட வேண்டியதே இல்லை. இடச் சொல்பவர் உங்கள் பணத்தை எடுக்க முயல்பவர். பணம் அனுப்பியதாக வரும் படத்தை நம்பிப் பொருளை அனுப்பாதீர். வங்கிக் கணக்கில் பணம் ஏறியதைப் பார்த்த பின் அனுப்புங்கள். 'தவறுதலாகக் கூடுதலாக அனுப்பிவிட்டேன், திருப்பித் தாருங்கள்' என்று பதறுபவரிடம் பதறாதீர். முதலில் கணக்கைச் சரிபாருங்கள். ஏமாற நேர்ந்தால் சற்றும் தாமதியாமல் 1930 என்னும் எண்ணை அழையுங்கள்.

வணிகத்துக்குத் தனி எண் வைத்துக்கொள்வது சகோதரிகளுக்குப் பெரிதும் பாதுகாப்பு. வணிகர்களுக்கென்றே 2018-இல் வந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலி இலவசம். பொருள்களின் படமும் விலையும் அதில் பட்டியலாக நிற்கும். உங்கள் முகப்படமோ பிள்ளைகளின் படமோ வணிகத்துக்குத் தேவையில்லை. இரவு எட்டு மணிக்கு மேல் மறுமொழி இல்லை என்று எழுதிவைத்தால் வீட்டின் அமைதியும் கெடாது.

வீட்டாரின் பங்கு

அந்தச் சகோதரி எழுதாத ஒன்றையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். இருபதாண்டு குடும்பத்தைத் தாங்கிய ஆண்மகன் வேலையின்றி வீட்டில் அமர்ந்திருப்பது அவருக்கு எளிதன்று. மனைவியின் சம்பாத்தியம் என்று ஊரார் பேசுவதை எண்ணி அவர் உள்ளம் சுருங்கலாம். இதை 'என் தொழில்' என்று தொடங்காமல் 'நம் வீட்டுத் தொழில்' என்று தொடங்குங்கள். சந்தையில் மல்லியும் மிளகாயும் தேர்ந்து வாங்குவது, அரவை ஆலைக்குச் செல்வது, அஞ்சலகம் செல்வது, நாள்தோறும் வரவு செலவு எழுதுவது ஆகியவற்றை அவர் ஏற்கலாம். அன்னை கதீஜா (ரலி) அவர்கள் பெரும் வணிகராகத் திகழ்ந்தார்கள். அவர்களின் சரக்கைப் பெருமானார் (ஸல்) அவர்கள் ஷாம் நாட்டுக்குக் கொண்டுசென்று விற்று வந்தார்கள். இதில் இழிவென்ன இருக்கிறது?

வரவு செலவுக் குறிப்பேடு ஒன்று கட்டாயம் வேண்டும். தொழிற்பணத்தை வீட்டுச் செலவோடு கலக்காதீர். ஜகாத் கணக்கிடும் வேளையிலும் அக்குறிப்பேடு உதவும்.

தொடக்கம் இவ்வாறு இருக்கலாம்: முதல் மாதம், கேட்டு வாங்கும் உறவினர், அண்டை வீட்டார் என இருபது பேர் போதும். இத்தனை நாள் இலவசமாகக் கொடுத்தவர்களிடம் விலை கேட்கக் கூசும், கூசாதீர்கள். மனமுவந்து வாங்குவோரே உண்மையான வாடிக்கையாளர். அவர்களுள் எத்தனை பேர் மறுமாதமும் கேட்கிறார்கள் என்று எண்ணுங்கள். பாதிப்பேர் மீண்டும் வந்தால் தொழில் வேரூன்றுகிறது. ஒவ்வொருவரிடமும் இன்னும் இருவரிடம் சொல்லச் சொல்லுங்கள். மூன்று மாதத்திலும் எவரும் மீண்டும் கேட்கவில்லையெனில் பொருளையோ விலையையோ மாற்றுங்கள், அல்லது நிறுத்திவிடுங்கள். கடனின்றித் தொடங்கியதை நிறுத்துவதில் இழப்பு சில நூறு ரூபாய்தான். நகை பெட்டியில் இருக்கும், உள்ளமும் கலங்காது.

இணைய வணிகம் மாதச் சம்பளத்துக்கு உடனே ஈடாகிவிடாது. கணவர் வேறு வேலை தேடுவதையும் நிறுத்த வேண்டாம். முதலில் அது எரிவாயுச் செலவைத் தாங்கும். பிறகு பள்ளிக் கட்டணத்தைத் தாங்கும். அல்லாஹ் நாடினால் குடும்பத்தையும் தாங்கும். நேர்மையாக ஈட்டும் சிறு வருவாயில் இறைவன் பரக்கத் செய்வானாக!